துப்பாக்கிக்குப் பச்சைச் சட்டை! குற்றாலச் சாரலைத் தாங்குமா?

தென்காசிப் பஸ் நிலையம் பக்கம் போனால் ஆட்டோக்களைப் பார்க்கலாம். ஒன்றின் பின்கண்ணாடியில் சாமி படம். இன்னொன்றில் நடிகர் படம். மூன்றாவதில் குழந்தைகளின் பெயர்.

எல்லாம் வண்ண ஸ்டிக்கர்! பெயின்ட் தேவை இல்லை. தூரிகை தேவை இல்லை. வெட்டி ஒட்டினால் வேலை முடிந்தது.

இதே ஸ்டிக்கரைத் துப்பாக்கிக்கு ஒட்டினால் எப்படி இருக்கும்?

வேடிக்கை அல்ல. அமெரிக்கா போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். இலை, சருகு, மரப்பட்டை போலப் படம் அச்சிட்ட தாளைத் துப்பாக்கி முழுவதும் சுற்றி ஒட்டுகிறார்கள். துப்பாக்கி ஒரு மரக்கிளை போல ஆகிவிடுகிறது!

ஓவியர்கள் போட்ட வேஷம்

இந்த வேஷத்தைப் பெரிய அளவில் தொடங்கியவர்கள் ராணுவத்தினர்.

1840-களில் பஞ்சாப் எல்லையில் இருந்த ஒரு படைக்குக் காக்கி உடை கொடுக்கப்பட்டது. காக்கி என்றால் புழுதி நிறம். புழுதியோடு புழுதியாகச் சிப்பாய் மறைந்து கொள்ளலாம் அல்லவா?

பிறகு முதல் உலகப் போர் வந்தது. 1915-ம் ஆண்டில் பிரெஞ்சு ராணுவம் இதற்கென்றே தனிப் பிரிவு ஒன்றை அமைத்தது. அதில் சேர்ந்தவர்கள் யார் தெரியுமா? ஓவியர்கள்! பீரங்கிகள் மீது பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக வண்ணம் தீட்டினார்கள். மறைந்திருந்து சுடும் வீரர்கள் துப்பாக்கியில் சாக்குத் துணியைச் சுற்றிக் கொண்டார்கள்.

சாக்குத் துணிக்குப் பதிலாக இன்று வந்திருப்பதுதான் 'வினைல்' தாள். இது பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக். தண்ணீர்க் குழாய் செய்வதும் இதே பொருளில்தான். கட்டியாக இருக்கும் இதை வளையும்படி செய்யும் வழியை, 1926-ம் ஆண்டில் வால்டோ செமன் என்ற அமெரிக்க ரசாயன நிபுணர் கண்டுபிடித்தார். அதை மெல்லிய தாளாக்கி, பின்பக்கம் பசை தடவினால் ஸ்டிக்கர்!

ஒட்டுவது எப்படி?

முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்து கொள்ள வேண்டும். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கை அடியோடு நீக்க வேண்டும். தாளை அளவாக வெட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தபடி ஒட்ட வேண்டும். வளைவான இடத்தில் சூடான காற்றை ஊதினால் தாள் இளகிப் படியும்.

விசை, பூட்டு, திறந்து மூடும் பாகங்கள், குழலின் வாய் ஆகியவற்றில் ஒட்டக் கூடாது. அங்கே தாள் சிக்கினால் ஆபத்து!

மூன்று எதிரிகள்

சரி, ஒட்டியாகிவிட்டது. எத்தனை நாள் உழைக்கும்?

மலிவான தாள் வெயிலிலும் மழையிலும் ஓரிரு ஆண்டில் சுருங்கி, ஓரம் தூக்கிக் கொள்ளும். உயர்ந்த ரகத் தாள் காரின் மேல் 5 ஆண்டுக்கு மேலும் நிற்கும். ஆனால் துப்பாக்கி, கார் அல்ல. அதற்கு மூன்று எதிரிகள் உண்டு.

முதல் எதிரி எண்ணெய். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் கொண்டு அருவிக்குப் போகிறவர் உடம்பில் பிளாஸ்திரி ஒட்டுமா? ஒட்டாது. துப்பாக்கிக்கும் அடிக்கடி எண்ணெய் போட வேண்டும். அந்த எண்ணெய் ஓரத்தின் வழியே புகுந்து பசையைக் கரைத்துவிடும்.

இரண்டாவது எதிரி சூடு. கட்டியான பி.வி.சி.யே 80 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். வளையும் தாள் அதற்கு முன்பே இளகும். அடுத்தடுத்துச் சுட்டால் குழல் கொதிக்கும், தாள் நழுவும்.

மூன்றாவது எதிரிதான் பொல்லாத எதிரி. அது ஈரம்!

சாரல் செய்யும் வேலை

ஜூன் மாதம் பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும். ஐந்தருவியும் பேரருவியும் கொட்டும். சாரல் தென்காசித் தெரு வரை வரும். துவைத்த துணி காயாது. தீப்பெட்டி நமத்துப் போகும்.

அந்தக் காற்றில் துடைத்து வைத்த இரும்பு என்ன ஆகும்? துரு பிடிக்கும். அதனால்தான் எண்ணெய் போடுகிறோம்.

இங்கேதான் சிக்கல். தாள் ஒட்ட வேண்டுமானால் எண்ணெய் இருக்கக் கூடாது. துரு பிடிக்காமல் இருக்க வேண்டுமானால் எண்ணெய் இருந்தே ஆக வேண்டும்!

தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு ஈரம் புகுந்தால் வெளியே வர வழி இல்லை. மேலே பச்சை இலை படம் பளபளக்கும். அடியில் துரு அரித்துக் கொண்டிருக்கும். குழல் அரித்துப் போனது தெரியாமல் சுட்டால், சுடுகிறவருக்கே ஆபத்து.

எண் மறையலாமா?

இங்கே இந்தச் சட்டையால் பயன் உண்டா?

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு நம் நாட்டில் இடம் இல்லை. மேக்கரை, வடகரை, கடையம் பக்கத்துத் தோட்டங்களில் காட்டுப்பன்றி புகுந்து பயிரை அழிப்பது உண்மை. ஆனாலும் விவசாயி தன் விருப்பப்படி சுட முடியாது. 2025-ம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்த முறையிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் வேலை வனத்துறையினருக்கே தரப்பட்டது.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு லைசென்ஸ் துப்பாக்கியிலும் ஓர் எண் பொறித்திருக்கும். அதை அழிப்பதும் மாற்றுவதும் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். 'அழிக்கவில்லை, மூடித்தான் வைத்தேன்' என்று சொல்லலாம். ஆனால் சோதிக்க வரும் அதிகாரிக்கு எண் தெரிய வேண்டாமா? அந்த இடத்தில் தாளை ஒட்டாமல் விடுவதே நல்லது.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் மான் வேட்டைக்குப் போகிறவர் பளிச்சென்ற ஆரஞ்சு நிற உடை அணிய வேண்டும் என்பது சட்டம். மானின் கண்ணுக்கு அந்த நிறம் எடுப்பாகத் தெரியாது. மனிதன் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். துப்பாக்கிக்கு இலை வேஷம். ஆளுக்கு ஆரஞ்சுச் சட்டை! மனிதனை மனிதன் சுட்டுவிடக் கூடாதே!

தாய்மார் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. வண்ணப் படம் ஒட்டிய துப்பாக்கி, குழந்தையின் கண்ணுக்குப் பொம்மை போலத் தெரியும். துப்பாக்கியை ஓர் அலமாரியிலும், தோட்டாவை வேறு இடத்திலும் வைத்துப் பூட்டுவது அவசியம்.

ஆசைப்பட்டு ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், மரத்தாலான பின்கட்டையோடு நிறுத்திக் கொள்ளலாம். அங்கே சூடு இல்லை, எண்ணெயும் குறைவு. தாள் சில ஆண்டுகள் நிற்கும்.

குழலில் ஏற்கெனவே ஒட்டியிருந்தால், சாரல் தொடங்கும் முன் உரித்துவிட வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்து, துரு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, மெல்லியதாக எண்ணெய் பூசி வைக்க வேண்டும்.