முத்துசாமி குடும்பப் பெயரான கதை

2024-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஐவரி கோஸ்ட்டில் நடந்த ஆப்பிரிக்கக் கிண்ணக் காற்பந்துப் போட்டியைப் பார்த்தவர்கள் ஒரு சட்டையைக் கவனித்திருக்கலாம். அரையிறுதி வரை வந்த கொங்கோ ஜனநாயகக் குடியரசு அணியின் நடுத்திடல் ஆட்டக்காரர் ஒருவரின் முதுகில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் இப்படி வரும்: எம், ஓ, யூ, டி, ஓ, யூ, இரண்டு எஸ், ஏ, எம், ஒய்.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முத்துசாமி!

அவர் பெயர் சாமுவேல் முத்துசாமி. பாரிஸில் பிறந்து, பிரான்ஸின் நாந்த் குழுவில் பல ஆண்டுகள் ஆடியவர். தாய் வழி கொங்கோ, தந்தை வழி குவாதலூப். கரிபியன் கடலில் இருக்கும் அந்தச் சின்னத் தீவுதான் இந்தப் பெயரின் கதை தொடங்கும் இடம். நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் பத்து வீட்டுக்கு ஒரு முத்துசாமி இருந்தார். நமக்கு அது ஆளின் பெயர். அவர்களுக்கோ அது வம்சத்தின் பெயர். ஒரே பெயர் ஓரிடத்தில் மறைந்துபோவதும் இன்னோரிடத்தில் நிலைத்து நிற்பதும் எப்படி நடந்தது?

பெயரின் பொருள்

'முத்து' கடலில் விளையும் முத்து. 'சாமி' தெய்வத்தையும் குறிக்கும், மரியாதைக்குரிய ஆளையும் குறிக்கும். இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் முருகன் பெயர். வைத்தீஸ்வரன் கோயிலில் குடிகொண்டிருக்கும் முருகனுக்குச் செல்வமுத்துக்குமாரசாமி என்று பெயர். அதைச் சுருக்கினால் முத்துசாமி.

இன்னொரு வழியும் உண்டு. அம்மை கண்ட உடம்பில் தோன்றும் கொப்புளங்களை 'முத்து' என்பது நம் வழக்கம். அதனால்தான் அம்மன் முத்துமாரி ஆனாள். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு முத்து, முத்தம்மா, முத்துசாமி என்று பெயர் வைத்த குடும்பங்கள் ஏராளம். ஆக, தமிழகத்துக் கிராமங்களில் இது மிகச் சாதாரணமான பெயர். அபூர்வமாக ஆனது கடல் கடந்த பிறகுதான்.

கப்பல் ஏறிய பெயர்

பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை 1848-இல் ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியும் காரைக்காலும் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்ததால், அங்கிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றத் தொடங்கினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853-இல் மார்த்தினிக் தீவுக்கும், மறு ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி குவாதலூப்புக்கும் முதல் கூட்டத்தைக் கொண்டு சேர்த்தது. 1861-இல் பிரிட்டனுடன் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டதும், பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்க வழி பிறந்தது. அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 42,000 இந்தியர்கள் குவாதலூப்புக்கும், 25,000 பேர் மார்த்தினிக்குக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள்.

நம் பாட்டன்மார் மலாயாவுக்கு வந்தபோது ஒரு வசதி இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ கப்பல் ஏறினால் சில நாட்களில் பினாங்கு. கங்காணி ஊருக்குப் போய் உறவுக்காரர்களைத் திரட்டி வருவார். பொண்ணு பார்க்கவும் கோயில் காரியத்துக்கும் ஊருக்குப் போய் வந்தவர்கள் உண்டு. கரிபியனுக்குப் போனவர்களுக்கு அது வாய்க்கவில்லை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மாதக் கணக்கில் போகும் பயணம். 1888-இல் அந்தத் தீவுகளுக்கு ஆள் அனுப்புவதை பிரிட்டிஷ் அரசு நிறுத்தியதும் தாயகத் தொடர்பு அறவே அற்றுப்போனது.

இரண்டு கட்டம் உள்ள பாரம்

இங்கேதான் பெயரின் தலையெழுத்து மாறியது. நம் ஆட்களிடம் இருந்தது ஒரே பெயர். கூடுதலாகக் கேட்டால் தகப்பன் பெயரைச் சொல்வார்கள். பிரெஞ்சுப் பதிவேட்டிலோ இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று வம்சப் பெயருக்கு, மற்றொன்று ஆளின் பெயருக்கு. அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி வம்சப் பெயர் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே இறங்க வேண்டியிருந்தது. அதை நினைத்தபடி மாற்ற அப்போது முடியாது.

கப்பலில் வந்திறங்கிய முத்துசாமியிடம் இருந்த ஒற்றைப் பெயர் நாளடைவில் வம்சக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தின்போது எர்னெஸ்ட், ஜான், மரி என்று கிறிஸ்துவப் பெயர்கள் கிடைத்தன. இப்படித்தான் பேரன், கொள்ளுப்பேரன் எல்லோரும் முத்துசாமி ஆனார்கள். ஒரு பெண்ணின் பெயரே வம்சப் பெயராக நிலைத்ததும் உண்டு. அந்தத் தீவுகளில் 'மினாச்சி' என்ற குடும்பப் பெயரைப் பார்க்கலாம். நம் மீனாட்சிதான் அது.

எழுத்துக்கூட்டலுக்கும் காரணம் இருக்கிறது. பிரெஞ்சில் 'உ' ஒலி வேண்டுமானால் ஓ, யூ என்று இரண்டு எழுத்து போட வேண்டும். யூ மட்டும் போட்டால் உதட்டைக் குவித்துச் சொல்லும் வேறொரு ஒலி வந்துவிடும். இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் அது 'இஸட்' போல ஒலிக்கும். அதைத் தவிர்க்கத்தான் இரட்டை எஸ். ராமசாமிக்கும் அங்கே இரட்டை எஸ்தான். சிதம்பரம் 'சிதம்பரோம்' ஆனது. ரீயூனியன் தீவில் வீரப்பிள்ளை 'விராபுல்லே' ஆனது. வானொலியில் பெயர்களை வாசிப்பதையே தொழிலாகக் கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பிரெஞ்சு குமாஸ்தாக்களின் காது மோசமில்லை. ஆங்கிலேயர் எழுதி வைத்த எத்தனையோ பெயர்களைவிட அவர்கள் எழுத்து தமிழ் ஒலிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இப்போது எங்கெங்கே?

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். எல்லா முத்துசாமிகளும் ஒரே பாட்டனின் பிள்ளைகள் அல்லர். தனி ஆளின் பெயர் வம்சப் பெயராக உறைந்ததால், வெவ்வேறு கப்பலில், வெவ்வேறு ஊரிலிருந்து வந்த முத்துசாமிகள் தனித்தனி வம்சங்களைத் தொடங்கி வைத்திருப்பார்கள். பெயர் ஒன்று என்பதால் உறவு என்று சொல்லிவிட முடியாது.

குவாதலூப்பின் மக்கள்தொகை நான்கு லட்சத்தை ஒட்டியது. பத்தில் ஒருவர் அளவுக்கு இந்திய வம்சாவளி என்று பொதுவாகச் சொல்வார்கள். கரும்பு விளையும் வட்டாரங்களில்தான் தமிழ்ப் பெயர்கள் அதிகம். சேன் பிரான்சுவா என்ற ஊரில் 1941-இல் பிறந்த எர்னெஸ்ட் முத்துசாமி, எழுத்தாளர், அரசியல்வாதி. 1981 முதல் 2002 வரை பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அதே ஊருக்கு 1989 முதல் 2008 வரை மேயர். தீவின் இந்திய மரபைப் பற்றி நூல் எழுதியவரும் அவரே.

பெயர் அங்கிருந்து இரண்டு திசைகளில் பிரிந்தது. ஒன்று பிரான்ஸ். 1963 முதல் 1981 வரை பிரெஞ்சு அரசே ஓர் அலுவலகம் அமைத்துத் தீவு மக்களைப் பெருநிலத்து வேலைகளுக்குக் கொண்டுபோனது. பாரிஸ் வட்டாரத்தில் தமிழ்ப் பெயர் தாங்கிய கரிபியன் குடும்பங்கள் பெருகியது அப்படித்தான்.

மற்றொன்று அமெரிக்கா. குவாதலூப்பில் வேர் கொண்ட குடும்பத்தில் 1922-இல் பிறந்த ஜான் முத்துசாமி, சிகாகோவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். 'எபனி', 'ஜெட்' இதழ்களை வெளியிட்ட ஜான்சன் நிறுவனத்தின் தலைமையகத்தை 1970-களின் தொடக்கத்தில் வடிவமைத்துக் கட்டியவர். அவர் மகள் ஜீன் புகைப்படக் கலைஞர். 1975-இல் விம்பிள்டன் வென்ற டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷை 1977-இல் மணந்து, முத்துசாமி-ஆஷ் என்று இரண்டு பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டார். கறுப்பின அமெரிக்க வரலாற்றின் நடுவே ஒரு தமிழ்ப் பெயர்!

பிரிட்டிஷ் கொடியின் கீழும் இதே பெயர் வம்சப் பெயரான இடம் தென்னாப்பிரிக்கா. 1860-இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போன கரும்புத் தொழிலாளிகளின் பெயர்களும் அங்கே குடும்பப் பெயர்களாக உறைந்தன. டர்பனில் பிறந்த கிரிக்கெட் வீரர் செனுரன் முத்துசாமி, 2019-இல் விசாகப்பட்டினத்தில் இந்தியாவுக்கு எதிராகத்தான் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார்.

பெயர் இருந்தது, உரிமை இல்லை

இந்தப் பெயர்கள் பதிவேட்டில் சுலபமாக ஏறின. ஆனால், பெயருக்குரிய மனிதர்களைக் குடிமக்களாக ஏற்க பிரெஞ்சு அரசு தயங்கியது. குவாதலூப்பில் பிறந்த இந்தியப் பிள்ளைகளுக்கு வாக்குரிமை உண்டா என்ற கேள்வி எழுந்தபோது, 1904-இல் அதற்காக வழக்காடத் தொடங்கியவர் ஹென்றி சிதம்பரம். 1863-இல் கப்பஸ்தேர் ஊரில் பிறந்தவர். 'இவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள், வாக்குப் பட்டியலில் இடமில்லை' என்ற வாதத்தை எதிர்த்து ஏறக்குறைய இருபது ஆண்டு போராடினார். 1923-இல்தான் வெற்றி கிடைத்தது.

இந்த இடத்தில் நம்மில் பலருக்கு வீட்டுப் பெரியவர்களின் நினைவு வரும். இந்த மண்ணிலேயே பிறந்து, பால்மரம் வெட்டி, பேரப் பிள்ளை எடுத்த பிறகும் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய தாத்தா பாட்டிகள் இங்கும் இருந்தார்கள்.

எது மிஞ்சியது?

குவாதலூப்பில் இன்று தமிழ் வீட்டு மொழி அல்ல. கிரியோலும் பிரெஞ்சும்தான். பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆனாலும் மாரியம்மன் 'மாலியேமேன்' என்ற பெயரில் இருக்கிறாள். மதுரை வீரனும் வேறு உச்சரிப்பில் நிற்கிறான். பூசாரி உண்டு, மத்தளம் உண்டு. அங்கே பொருள் புரியாமலேயே காதுவழி வந்த தமிழ்ப் பாட்டைப் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால், மலாக்கா காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். பேச்சு மலாய். கும்பிடுவது நம் சாமி. பிள்ளை, செட்டி என்ற பெயர்கள் பல தலைமுறை கடந்தும் கூடவே வருகின்றன.

நம் கணக்கு நேர் எதிர். மொழி இருக்கிறது. தமிழ்ப்பள்ளி, நாளிதழ், வானொலி எல்லாம் இருக்கின்றன. ஆனால், நம் பெயர் முறையில் தகப்பன் பெயர் மட்டும்தான் கூட வரும். மலேசியாவில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்று அடையாள அட்டையில் எழுதுகிறோம். முத்துசாமி மகன் ஆறுமுகம், ஆறுமுகம் மகன் ராஜன். மூன்றாம் தலைமுறையிலேயே முத்துசாமி அட்டையிலிருந்து இறங்கிவிட்டார். நான்காம் தலைமுறைக்கு அவர் பெயரே தெரியாது.

இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. வம்சப் பெயர் பல நேரங்களில் சாதிப் பெயராக முடியும். நாம் அதை விட்டு ஒதுங்கியது நல்லதே. ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரோடு தானாக நிற்கிறது என்பதும் நம் முறையின் அழகுதான். ஆனால், இந்த முறையில் பாட்டன் பெயரைக் காப்பாற்றும் வேலையை அரசாங்கப் பாரம் செய்யாது. அதைக் குடும்பம்தான் செய்ய வேண்டும். கரிபியன் தமிழர்களுக்குச் சட்டம் செய்து கொடுத்ததை நாம் நாக்கால் செய்ய வேண்டியிருக்கிறது.

எனவே, இந்த வாரம் ஒரு சின்ன வேலை. வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் போய் உட்காருங்கள். தாத்தாவின் அப்பா பெயர் என்ன, பாட்டியின் அம்மா பெயர் என்ன, எந்த ஊர், முதலில் இறங்கியது எந்தத் தோட்டம் என்று கேளுங்கள். பழைய பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை இருந்தால் அவற்றில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அரைத்தாள் போதும். தேதி போட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.