கணிப்பொறிக்கும் காய்ச்சல் வருமா?

கடந்த மே மாதத்தில் ஒரு நாள். கட்டடக்கலை பயிலும் என் தங்கை மகள், கண் கலங்கிய நிலையில் என்னிடம் வந்தாள். “மாமா, இன்னும் பத்து நாள்களில் இறுதியாண்டு வரைபடங்களை ஒப்படைக்க வேண்டும். கணிப்பொறியோ ஆலை இயந்திரம்போல் இரைகிறது. ஒரு படம் உருவாக முன்பைவிட நெடுநேரம் ஆகிறது. கடைக்காரர், ‘கிராபிக்ஸ் கார்டு பழசாகிவிட்டது, எரிந்துபோகும் முன் மாற்றிவிடுங்கள்’ என்கிறார்” என்றாள். புதிய அட்டையின் விலையோ தங்கையின் ஒரு மாத ஊதியத்தை விழுங்கிவிடும். “அண்ணா, கடன் வாங்கியாவது மாற்றிவிடட்டுமா?” என்று தங்கையும் கேட்டாள்.

காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மருத்துவர் முதலில் செய்வது என்ன? வெப்பமானியை வைத்துப் பார்க்கிறார், காரணத்தைத் தேடுகிறார், பிறகே மருந்து எழுதுகிறார். கணிப்பொறிக்கும் அவ்வாறே செய்வோம் என்றேன்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

திரையில் தோன்றும் படங்களைக் கணித்து வரைவது கிராபிக்ஸ் கார்டு எனும் அட்டையாகும். அது உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜீஃபோர்ஸ் 256 அட்டைக்கு ஒரு சிறு விசிறியே போதுமானதாயிருந்தது. 2022-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டையோ 450 வாட் வரை உண்ணக்கூடியது. 75 வாட் கூரை விசிறிகள் ஆறுக்கு வேண்டிய மின்சாரம் அது! இவ்வளவு வெப்பமும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும் சில்லிலிருந்து உலோகத் தகடுகளுக்கும், தகடுகளிலிருந்து காற்றுக்கும், காற்றோடு பெட்டிக்கு வெளியேயும் செல்ல வேண்டும். இந்த வழியில் எங்கே தடை ஏற்பட்டாலும் வெப்பம் தேங்கும்.

வெப்பம் வரம்பை எட்டினால், அட்டை தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் தாமதமானதற்கு இதுவே காரணம். கடும் உழைப்பின்போது 65 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது பெரும்பாலான அட்டைகளுக்கு இயல்பே. ஆகவே எண்ணைக் கண்டவுடன் அஞ்ச வேண்டுவதில்லை. முன்பு இருந்ததைவிட ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி.

முதலில் அளவு

விண்டோஸ் இயங்கும் கணிப்பொறியில் டாஸ்க் மேனேஜர் பகுதியிலேயே தனி அட்டையின் வெப்பநிலையைக் காணலாம். விசிறியின் வேகத்தையும் அறிய வேண்டுமாயின் ஜி.பி.யு.-இசட் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. ஒரே படத்தை இருபது நிமிடம் உருவாக்கவிட்டுக் குறித்துக்கொண்டோம். அட்டை 88 டிகிரி. அறை 37 டிகிரி. பெண் கருத்துள்ளவள், சென்ற டிசம்பரிலும் இதே அளவுகளைக் குறித்து வைத்திருந்தாள். அன்று அட்டை 70, அறை 28.

இங்கே ஒரு சிறு கணக்கு. அறையின் வெப்பம் எவ்வளவு ஏறுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவே அட்டையின் வெப்பமும் ஏறும். அறை 9 டிகிரி ஏறியதால் அட்டை 79-க்கு வந்திருக்க வேண்டும். ஆனால் 88 காட்டியது. முற்பாதிக்குக் கோடை பொறுப்பு. எஞ்சிய 9 டிகிரிக்கு யார் பொறுப்பு?

பெட்டியா, அட்டையா?

இதைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு அதே படத்தை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். வெப்பம் நன்கு இறங்கினால் குற்றம் பெட்டியின் காற்றோட்டத்தில்; இறங்காவிடில் குற்றம் அட்டையில். எங்கள் சோதனையில் 88 என்பது 81 ஆயிற்று. பெட்டியின் குற்றமே பெரிது எனத் தெளிந்தோம்.

காரணமும் கண்ணெதிரே இருந்தது. மேசையின் அடியறைக்குள், சுவரோடு ஒட்டிப் பெட்டியைத் திணித்திருந்தனர். முன்புறத் தூசு வடிகட்டியோ கம்பளிபோல் அடைத்திருந்தது. முன்புறம் குளிர்காற்று புக வேண்டும்; பின்புறம் சூடான காற்று வெளியேற வேண்டும். இங்கே இரு வழியும் அடைபட்டிருந்தன. வடிகட்டியைக் கழுவி உலர்த்தி, பெட்டியை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். மூடியை மாட்டிய பின்னும் 81 டிகிரியே காட்டியது.

அடுத்து அட்டையின் தகடுகளுக்கிடையே படிந்த தூசு. கணிப்பொறியை நிறுத்தி, மின் இணைப்பைப் பிடுங்கி, வெறும் உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிய பிறகே உள்ளே கைவைக்க வேண்டும். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு மென்தூரிகையாலும் ஊதுகாற்றாலும் தூசை அகற்ற வேண்டும். விசிறி காற்றில் கட்டுக்கடங்காமல் சுழன்றால் பழுதாகும். ஈரத்துணி கூடாது. தூசு உறிஞ்சும் கருவியும் நிலைமின்சாரத்தை உண்டாக்கக்கூடும் என்பதால் தவிர்ப்பது நலம். இதன் பின் 79 டிகிரி! கணக்கு நேராயிற்று.

இதற்கும் இறங்காவிடில்

விசிறிகள் அனைத்தும் சுழல்கின்றனவா என்று பாருங்கள். வேலையில்லா வேளையில் அவை தாமே நிற்பது பல அட்டைகளில் இயல்பு. உழைக்கும் வேளையில் நிற்பதே பழுது. அடுத்து, சில்லின் மிகச் சூடான புள்ளியின் அளவையும் மென்பொருள் காட்டும். அந்த அளவு பொது வெப்பநிலையிலிருந்து வரவர விலகிச் சென்றால், சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே பூசிய வெப்பப் பசை உலர்ந்தோ விலகியோ போயிருக்கலாம். ஆனால் அப்புள்ளியின் எண் மட்டும் பெரிதாயிருப்பது பழுதன்று. தன் ஆர்.எக்ஸ். 5700 வரிசை அட்டைகளில் அது 110 டிகிரி வரை செல்வது எதிர்பார்க்கத்தக்கதே என ஏ.எம்.டி. நிறுவனமே 2019-இல் விளக்கியிருக்கிறது. பசையை மாற்ற அட்டையைப் பிரிக்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் அதை நீங்களே செய்ய முற்படாதீர்கள்.

செலவில்லாத வழி இன்னொன்றும் உண்டு. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளால் அட்டையின் மின் வரம்பை நூற்றுக்கு எண்பதாகக் குறைக்கலாம். வேகம் சிறிதளவே குறையும். வெப்பமும் இரைச்சலும் கண்கூடாகத் தணியும். கோடை மாதங்களுக்கு ஏற்ற முறை இது.

பத்தாம் நாள் வரைபடங்கள் ஒப்படைக்கப்பட்டன. கடன் வாங்கவில்லை, அட்டையும் மாற்றப்படவில்லை. செலவானது ஒரு தூரிகையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் மட்டுமே. கடைக்காரர் நம்மை ஏமாற்ற எண்ணினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அட்டையைப் பார்த்தார்; அது இருந்த இடத்தைப் பார்க்கவில்லை. நம் வீட்டுப் பொருளின் இருப்பிடத்தையும் பழக்கத்தையும் அறிந்தவர்கள் நாமே. எனவே பணப்பையைத் திறக்குமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதற்கும் முன், இன்றைய வெப்ப அளவை ஒரு தாளில் குறித்து வையுங்கள். டிசம்பரில் அந்தப் பெண் எழுதிவைத்த இரண்டு எண்கள் இல்லையென்றால், எங்கள் கணக்கும் இல்லை.