மருந்துக்கு அசராத புல்

பண்டார் பாருவில் வெயில் ஏறியதும் எங்கள் வாசல் புல்தரை காய்ந்தது. ரும்புட் சம்பாவ் மட்டும் பச்சையாக நின்றது. அடித்தண்டு தட்டையாக வெளுத்திருக்கும். கதிர் விரல் விரித்தாற்போல் இருக்கும். நம் கேழ்வரகின் சொந்தக்காரன்தான்!

இருமுறை மருந்தடித்தேன், அசையவில்லை. கிளைபோசேட்டுக்குச் சாகாத சம்பாவ் 1997-லேயே பேராக்கில் கண்டறியப்பட்டது. பாராகுவாட்டுக்கோ 2020 முதல் நாட்டில் தடை.

இனி கைதான். காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டு அறுந்து வேர் தங்கிவிடும். மாலையில் நீரூற்றி, காலையில் சிறு கத்தியால் வேரோடு நெம்புங்கள், கதிர் முற்றுவதற்குள்.

கோரையிடம் இது பலிக்காது. தண்டைத் தடவினால் மூன்று பட்டை தெரியும். கிழங்கையும் தோண்டி எடுக்க வேண்டும். ஒன்று தங்கினாலும் மறுபடி முளைக்கும். எனக்கு இன்னும் முளைக்கிறது.

புல்லை ஒட்ட வெட்டாதீர்கள். அடர்ந்த புல்லின் நிழலில் சம்பாவ் விதை எளிதில் முளைக்காது.