கூரைமேல் ஒரு முகம்

கல்யாண வீடுகளில் நான் முகத்துக்கு வைட் லென்ஸ் போடுவதே இல்லை. கிட்டப் போனால் மூக்கு பெருத்துவிடும், காது சிறுத்துவிடும். ஸ்டுடியோ தொழிலில் இது பாலபாடம். பிரான்ஸைச் சேர்ந்த ஜே.ஆர். என்ற புகைப்படக்காரர் தெரிந்தேதான் இதை மீறினார்.

பாரிஸை ஒட்டி லே போஸ்கே என்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. குடியேறிய ஏழைக் குடும்பங்கள் வாழும் இடம். 2005-இல் அந்தப் பகுதியில் கலவரம் வெடித்தது. தூரத்திலிருந்து படம்பிடித்த டிவி கேமராக்களுக்கு அந்தப் பகுதிப் பையன்கள் எல்லாருமே கலவரக்காரர்கள். ஜே.ஆர். 28 மி.மீ. லென்ஸோடு போனார். அதில் முகம் நிறைந்து விழ வேண்டுமானால் ஒரு சாண் தூரத்துக்குப் போயாக வேண்டும். நம்பிக்கை இல்லாமல் யாரும் அவ்வளவு கிட்ட விடமாட்டார்கள். பையன்கள் முகத்தைக் கோணிக்கொண்டு, டிவி காட்டிய முரட்டுத்தனத்தைத் தாங்களே நடித்துக்காட்டினார்கள். அந்தப் படங்களைப் பெயர், வயதோடு பெரிய போஸ்டராக்கி, பணக்காரர்கள் வசிக்கும் தெருக்களில் அனுமதி கேட்காமலே ஒட்டினார்.

என்னை அதிகம் பாதித்தது 2009-இல் கென்யாவில் அவர் செய்த வேலை. நைரோபியின் கிபேரா குடிசைப்பகுதியில், அங்கே வாழும் பெண்களின் கண்களையும் முகங்களையும் தகரக் கூரைகள்மேல் விரித்தார். மொத்தம் 2,000 சதுர மீட்டர். காகிதமாக இருந்தால் முதல் மழைக்கே போயிருக்கும். தண்ணீர் இறங்காத பொருளில் அச்சிட்டதால் மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்கு அதுவே மறைப்பாகவும் ஆனது. நம் ஊரிலும் விழா முடிந்ததும் ஃபிளக்ஸ் பேனரைக் கழற்றிக் கூரைமேல் போடுகிறோம். ஆனால் அதில் இருப்பது தலைவர் முகம். கிபேராவில் பெரும்பாலான பெண்களுக்குத் தங்கள் வீட்டுக் கூரைமேல் தங்கள் முகமே இருந்தது.

அந்தப் பகுதி வழியே ரயில் போகும். பெட்டிகளின் பக்கவாட்டில் கண்களை மட்டும் ஒட்டினார்கள். மூக்கும் வாயும் தண்டவாளத்துக்குக் கீழே சரிவில் வைத்த தகரங்களில். ரயில் கடக்கும் அந்த நொடியில் மேலும் கீழும் பொருந்தி முகம் முழுதாகும். எத்தனை முறை அளந்து பார்த்திருப்பார்கள்!

சினிமா இயக்குநர் ஆனியஸ் வர்தாவோடு சேர்ந்து இவர் எடுத்து 2017-இல் வெளிவந்த ‘விசாஜ் வில்லாஜ்’ ஆவணப்படத்தை அவசியம் பாருங்கள். கடற்கரையில் விழுந்து கிடக்கும் ஒரு போர்க்கால கான்கிரீட் அரண்மேல், 1950களில் வர்தா எடுத்த நண்பரின் படத்தைப் பாடுபட்டு ஒட்டுகிறார்கள். மறுநாள் காலை அது இல்லை. ராத்திரியே கடல் கொண்டுபோய்விட்டது. பிரின்ட் மங்கக் கூடாது என்று லேமினேஷன் போட்டே பழகிய எனக்கு அந்தக் காட்சி பெரிய அடி.

2011-இல் ஜே.ஆர். தொடங்கிய ‘இன்சைட் அவுட்’ திட்டத்தில், மக்கள் அனுப்பும் முகங்களைப் போஸ்டராக அச்சிட்டுத் தருகிறார்கள். எங்கே ஒட்டுவது என்பது அனுப்பியவர்கள் முடிவு.

பந்தி பரிமாறுபவர்கள், பாத்திரம் தேய்ப்பவர்கள் என்று ஆல்பத்தில் இடம் கிடைக்காத முகங்கள் என்னிடம் ஏராளம். அவற்றைப் பெரிதாக அச்சடித்து, சம்மதம் கேட்டு, அவரவர் வீட்டுச் சுவரிலேயே ஒட்ட ஆரம்பித்திருக்கிறேன். முதலில் சம்மதித்தவர் ஒரு சமையல்கார அண்ணன்.

“தெருப்பக்கம் ஒட்டு தம்பி. சம்பந்தி வீட்டுக்காரங்க அந்த வழியாத்தான் வருவாங்க.”

மைதா பசைதான், மழைக்குத் தாங்காது அண்ணே என்றேன்.

“உரிஞ்சா இன்னொண்ணு எடுத்து ஒட்டு” என்றார்.