சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள், பாம்புக்கடிக்கு 108

குறுவை நடவு முடிகிற வாரத்தில் எங்கள் தெருத் திண்ணைகளில் ஒரே காட்சிதான். நடவுப் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து, மஞ்சள் குழைத்த வேப்பெண்ணெயை விரலிடுக்கில் தடவிக்கொண்டிருப்பார்கள். பகலெல்லாம் சேற்றில் ஊறி வெளுத்த தோல் வெடித்து, உள்ளே செக்கச்செவேலென்று தெரியும். சிலர் மருதாணி அரைத்து அப்புவார்கள். ராத்திரி முழுக்கக் காலை ஈரம்படாமல் வைத்துக்கொண்டால் பலருக்கு ஆறிவிடும். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கைமருந்தைப் பழிக்க இதை எழுதவில்லை. அது எதுவரை உதவும் என்று தெரியாத வீடுகளில் உயிர் போவதால் எழுதுகிறேன்.

அந்தச் சேற்றுப்புண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள் நுழைவது பெரும்பாலும் இதுபோன்ற வெடிப்பு வழியாகத்தான். வயலில் இறங்கிய ஓரிரு வாரத்தில் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், நிலவேம்புக் குடிநீரை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் "சேற்றில் வேலை பார்த்தேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். டாக்டருக்கு அது பெரிய துப்பு. சர்க்கரை உள்ளவர்களின் கால்புண்ணுக்குக் கைமருந்தே வேண்டாம்.

இரண்டு வைத்தியமும் கூடி வாழ்ந்த ஊர் தஞ்சாவூர். இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியத்தையும் மேலை வைத்தியத்தையும் சேர்த்தே வளர்த்தார். அங்கே கையாண்ட முறைகள் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று சரஸ்வதி மகால் நூலக வெளியீடுகளாக வந்திருக்கின்றன. வீட்டு முதலுதவிப் பெட்டியும் அப்படித்தான் இருக்க வேண்டும். சுக்கு, மிளகு, ஓமம், மஞ்சள், வேப்பெண்ணெய் இருக்கட்டும். பக்கத்திலேயே சுத்தமான காஸ் துணி, கட்டுத்துணி, கத்தரி, சோப்பு, தெர்மாமீட்டர், ஓஆர்எஸ் பொட்டலம், பாராசிட்டமால் வேண்டும்.

நெல் அவிக்கும்போது வெந்நீர் தெறித்தால் முதல் மருந்து குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். தோசைமாவு, பற்பசை, பேனா மை எதுவும் கூடாது. கொப்புளம் இல்லாத சின்னச் சூட்டுக்காயமானால், தோல் ஆறியபின் சோற்றுக்கற்றாழை தடவலாம். அரிவாள் வெட்டில் சாணமோ மண்ணோ காபித்தூளோ வைப்பது ரணஜன்னிக்குக் கதவைத் திறந்துவிடுவது. சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நாய் கடித்தால் 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும். அன்றைக்கே தடுப்பூசி, அரசு மருத்துவமனையில் இலவசம். பூச்சிமருந்து குடித்துவிட்டவருக்கு உப்புத்தண்ணீரோ புளிக்கரைசலோ ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். மருந்துப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

குழந்தை இருக்கும் வீட்டில் கற்பூரத்தையும் நீலகிரித் தைலத்தையும் பூட்டி வையுங்கள். கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் வேண்டாம். வசம்பைச் சுட்டு உரசிக் கொடுப்பது தலைமுறை வழக்கம்தான். ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இனி பாம்பு. மடை திறக்க இருட்டில் போகிறவரும், திண்ணையில் பாய் விரித்துத் தூங்குகிறவரும் இதைக் கேட்க வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியலில் வயிற்றுவலி என்பார், இமை தொங்கும், நாக்குக் குழறும். பல வீடுகளில் அந்த நேரத்தில் சிறியாநங்கை இலையை மெல்லக் கொடுத்து, "கசக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். கசப்பை வைத்து விஷம் ஏறியதா என்று கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பச்சிலையும் பாம்பு விஷத்தை முறிப்பதில்லை. விஷமுறிவு ஊசி ஒன்றுதான் முறிக்கும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் அந்த ஒரே மருந்துதான். ஆகவே பாம்பை அடித்துத் தூக்கிவர அலைய வேண்டாம். 1978-ல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துக் கொடுப்பது இந்த மருந்துக்காகத்தான். கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். கொலுசு, மெட்டி, மோதிரத்தைக் கழற்றி, எலும்பு முறிந்த காலை அசையாமல் வைப்பதுபோல் வைத்துத் தூக்கிச் செல்லுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது கூடாது. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 108 ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் பைக்கில் இருவருக்கு நடுவே உட்கார வைத்தாவது கிளம்புங்கள்.

அவசரமாக வருகிறவரை, அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும், போலீஸ் நடைமுறையைக் காட்டித் திருப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடி அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். வாசலில் யாராவது தயங்கினால் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

கடையில் வாங்கும் மூலிகை மருந்துக்கும் சட்டம் உண்டு. 1940-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி சித்த மருந்துப் பாட்டிலிலும் உரிம எண், தொகுதி எண், சேர்மானம், தயாரித்த தேதி, காலாவதி தேதி இருக்க வேண்டும். சந்தையில் லேபிள் இல்லாமல் விற்கும் தைலத்தை வாங்காதீர்கள். சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி வாங்கிக் கெடுதல் வந்தால் பாட்டிலையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள். அரசு மருத்துவமனைச் சித்த மருத்துவரிடம் காட்டிப் பதியச் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமுமில்லை. வழி கேட்க நுகர்வோர் உதவி எண் 1915.

பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, 1915; பக்கத்தில் ராத்திரியிலும் விஷமுறிவு ஊசி போடும் மருத்துவமனை எது, அதன் போன் எண் என்ன; வீட்டில் யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. மருத்துவமனை எதுவென்று இன்றைக்கே போய்க் கேட்டு எழுதுங்கள். பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் டார்ச் லைட் தொங்கட்டும். மடை பார்க்கப் போகிறவர் அதை எடுக்காமல் படி இறங்க வேண்டாம்.