உச்சியை நோக்கி ஏறும் தீ



சங்கரன்கோவிலில் ஒரு மொட்டை மாடியில் நின்று மேற்கே பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாகத் தெரியும். கோடையில் சில இரவுகளில் அதன் சரிவில் செந்நிறக் கோடு ஒன்று மேலேறுவதும் தெரியலாம். அதுதான் காட்டுத் தீ. அத்தகைய மலையுச்சியில் ஒரு வானாய்வுக்கூடம் இருந்தால் அதன் கதி என்ன?

இது வெறும் கற்பனையன்று. 2003 ஜனவரி 18 அன்று ஆஸ்திரேலியாவில் கான்பராவை அடுத்த ஸ்ட்ரோம்லோ மலையில் ஐந்து தொலைநோக்கிகள் தீக்கு இரையாயின.

சமவெளியைவிட மலைச்சரிவில் தீ விரைந்து பரவும். ஏன் தெரியுமா? எரியும் தீக்குச்சியைத் தலைகீழாகப் பிடித்தால் சுடர் விரலை நோக்கி விரைகிறதல்லவா? மேலெழும் வெப்பக் காற்று, இன்னும் எரியாத பகுதியை முன்கூட்டியே உலர்த்திச் சூடாக்கிவிடுகிறது. சரிவிலும் அப்படியே. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும்.

நெருங்கிவரும் தீயைவிட, அதற்கு முன்னே காற்றில் பறந்துவரும் தீப்பொறிகளே கட்டடங்களுக்குப் பெரும் பகை. குவிமாடத்தின் இடுக்கில் ஒரு பொறி புகுந்தாலும் போதும். ஆகவே பாதுகாப்பு வேலையைக் கோடைக்கு முன்பே தொடங்க வேண்டும். சுற்றிலும் உள்ள சருகு, புல், புதர்களை அகற்றித் தீத்தடுப்புக் கோடு அமைக்க வேண்டும். இடுக்குகளை அடைத்து, காற்றுத் துளைகளுக்கு நுண்ணிய கம்பிவலை பொருத்த வேண்டும். தீ நெருங்கும்போது குவிமாடத்தைச் சாத்தி, மின்விசிறிகளை நிறுத்தி, தொலைநோக்கியின் ஆடியையும் மூடிவிட வேண்டும். சாம்பல் காரத்தன்மை உடையது. ஈரம் பட்டால் ஆடியின் மெல்லிய அலுமினியப் பூச்சை அரித்துவிடும்.

இம்முயற்சிகள் வீண்போவதில்லை. 2013 ஜனவரி 13 அன்று அதே ஆஸ்திரேலியாவில் சைடிங் ஸ்பிரிங் மலையைத் தீ சூழ்ந்தது. வானியலாளர் தங்கும் விடுதி எரிந்தது; 3.9 மீட்டர் தொலைநோக்கியோ தப்பியது. 2022 ஜூனில் அமெரிக்காவின் கிட் பீக் உச்சியிலும் நான்கு கட்டடங்கள் அழிந்தன, தொலைநோக்கிகள் பிழைத்தன.

நம் நாட்டிலும் ஜவ்வாது மலையில் காவலூர், பழனி மலையில் கொடைக்கானல் என மலைமேல் ஆய்வுக்கூடங்கள் உள்ளன. 1899-இல் தோன்றிய கொடைக்கானல் ஆய்வுக்கூடம், 1904 முதலே சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்து வந்தது. எரிந்த தொலைநோக்கிக்குப் பதில் வேறொன்றைச் செய்துவிடலாம். 1904-ஆம் ஆண்டுச் சூரியனை மீண்டும் படம் பிடிக்க முடியுமா? அதனால்தான் அப்படங்களைக் கணினியில் ஏற்றிப் படியெடுத்திருக்கிறார்கள். பாதுகாப்பில் இதுவும் ஒரு முறையே.

அடுத்த முறை மலையேறும்போது நினைவிருக்கட்டும்: அணைக்காமல் எறிந்த ஒரு தீக்குச்சியும் உச்சிவரை ஏறக்கூடும்.