இரண்டு நிமிடத்தில் வானம்

பத்திரிகையிலே ஒரு கட்டுரை விளங்காவிடின், மீண்டும் முதல் வரிக்குச் சென்று படித்துப் பார்க்கலாம். வானொலியிலோ அதற்கு இடமில்லை; காற்றில் வந்த சொல் காற்றோடு போய்விடும். அடுப்படியிலோ வீதியிலோ வேறு கருமத்தில் ஈடுபட்டிருப்பவருக்கும் ஒருமுறை கேட்ட மாத்திரத்தில் விளங்கவேண்டும். இரண்டே நிமிடத்தில் இவ்வண்ணம் விஞ்ஞானம் சொல்வது இயலுமா?

இயலும் என்பதற்கு அமெரிக்காவின் ‘ஸ்டார் டேற்’ என்னும் வானொலித் தொடரைச் சான்றாகக் காட்டலாம். ரெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குரிய மக்டொனால்ட் வானாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டெபொரா பேர்ட் என்னும் பெண்மணி, 1977ஆம் ஆண்டில் ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்தார். இரவு வானத்தில் காணத்தக்கவை யாவை என்பதைத் தொலைபேசியிலே கேட்டறியும் ஏற்பாடே அது. ஒஸ்ரின் நகர வானொலி நிலையமொன்று அதனைத் தன் ஒலிபரப்பிற் சேர்த்துக்கொண்டது. 1978இல் அது நாடு முழுவதற்குமான தொடராயிற்று. முதலில் ஜோயல் புளொக் குரல் கொடுத்தார். 1991 முதல் 2019 வரை சான்டி வூட் அம்மையாரின் குரல் ஒலித்தது. நாளுக்கொரு துணுக்கு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு நிமிடம்.

இரண்டு நிமிடத்தில் ஆங்கிலத்தில் ஏறத்தாழ 300 சொற்களே பேசலாம். ஆகவே ஒரு துணுக்கு ஒரு கருத்தையே தாங்கும். எண்களும் செவிக்குப் பாரமானவை. சீரியஸ் நட்சத்திரம் 81 இலட்சம் கோடி கிலோமீற்றர் தொலைவில் உள்ளது என்றால் எவர் மனத்தில் நிற்கும்? எட்டரை வயதுப் பிள்ளையொன்று பிறந்த காலத்தில் அங்கிருந்து புறப்பட்ட ஒளியே இன்று நம் கண்ணிற் படுகிறது என்றால், அந்தப் பிள்ளையே அதனை மறவாது.

எளிமை மட்டும் போதுமா? போதாது. சந்திரன் நட்சத்திரங்களுக்கிடையே கிழக்கு நோக்கி மணிக்கு ஏறக்குறையத் தன் அகலமளவு நகர்கிறது. நியூயோர்க்கில் அந்தி சாய்ந்து மூன்று மணி நேரம் சென்ற பின்னரே லொஸ் ஏஞ்சல்சில் அந்தி சாயும். எனவே முன்னவர் சந்திரனுக்குச் சற்றுக் கிழக்கே காணும் ஒரு கிரகத்தைப் பின்னவர் அதற்கு மேற்கே காணக்கூடும். ‘சந்திரனுக்குக் கிழக்கே பாருங்கள்’ என்றால் நாட்டின் ஒரு பகுதியாருக்கு அது பொய்யாகும். ‘சந்திரனுக்கு அருகே’ என்றால் இருவருக்கும் மெய்யாகும். ஒரு சொல்லைத் தெரிவதில் எத்துணை கவனம் வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

இத்தகைய துணுக்கின் தனிச் சிறப்பும் இங்கேதான் உளது. விஞ்ஞானிகள் கூறும் பலவற்றை நாம் நம்பி ஏற்றுக்கொள்கிறோம். நேரிற் சோதிக்க வழியில்லை. இன்றிரவு வானத்தைப் பற்றிய கூற்றையோ, முற்றத்தில் இறங்கி நிமிர்ந்து பார்க்கும் எவரும் சோதித்துவிடலாம். கருவி வேண்டியதில்லை; பட்டமும் வேண்டியதில்லை. சொன்னது சொன்னபடி இருந்தால், கேட்டவருக்கு விஞ்ஞானத்தில் நம்பிக்கை பிறக்கும். ஒரு நாள் பிசகினாலோ, அந்த நம்பிக்கை குலைந்துவிடும்.

மாணவர்களுக்கு நாம் ஒன்று கூறுவோம். நீங்கள் படித்த பாடத்தில் ஒரு கருத்தை எடுத்து, இரண்டு நிமிடத்துக்கு அடங்க எழுதி, வீட்டிலே பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் இடையில் எதையும் திருப்பிக் கேளாதிருந்தால், அக்கருத்து உங்களுக்கும் விளங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.